விஎம்முக்குள் ஆன்லைன் கேம்: ஓடுமா, ஓட விடுவார்களா?

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "உள்ளே ஒரு விஎம், அதாவது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போட்டு, அதில் விண்டோஸ் ஏற்றி, வாலரண்ட் என்ற ஆன்லைன் ஷூட்டர் கேமை ஆடலாமா?" முடியாது என்பதே பதில். கேட்டவர் உடனே தன் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு சக்தி இல்லையோ என்று நினைத்துக்கொள்வார். காரணம் அதுவல்ல. 16 கோர் பிராசசர், 64 ஜிபி ரேம், லட்ச ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தாலும் பதில் மாறாது.

இதற்கு நேர் எதிரான உண்மையும் ஒன்று உண்டு. பல ஆன்லைன் கேம்களின் சர்வர்கள் டேட்டா சென்டர்களில் விஎம்முக்குள்தான் ஓடுகின்றன. எக்ஸ்பாக்ஸில் ஆடினால் கேமே விஎம்முக்குள்தான் ஓடுகிறது. ஒரே நுட்பத்தை ஓரிடத்தில் அடித்தளமாக வைக்கிறார்கள், இன்னோரிடத்தில் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அது ஏன் என்று புரிந்துவிட்டால், எந்த கேமை விஎம்மில் போடலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

விஎம் என்பது என்ன?

விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம், என்பது ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கம்ப்யூட்டர். அதற்கென்று தனி ரேம், தனி டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதுபோல் காட்டப்படும். அந்த டிஸ்க் உண்மையில் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். உள்ளே ஏற்றும் ஓஎஸ்ஸை (விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருளை) கெஸ்ட் என்பார்கள். வெளியே இருக்கும் நிஜக் கம்ப்யூட்டர் ஹோஸ்ட். யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்து மேற்பார்வை பார்க்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி, லினக்ஸில் இருக்கும் கேவிஎம் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாடிப் போர்ஷனுக்குத் தனி வாசல், தனி மீட்டர், தனிப் பூட்டு. கதவைச் சாத்திக்கொண்டால் குடியிருப்பவருக்கு அது அவர் வீடுதான். ஆனால் மெயின் ஸ்விட்ச் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, மாற்றுச் சாவியும் அவரிடம் இருக்கிறது. அவர் எப்போது வந்து எதைப் பார்த்துவிட்டுப் போனார் என்பது குடியிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கெஸ்ட்டுக்கும் ஹோஸ்ட்டுக்கும் உள்ள உறவு அச்சு அசல் இதுதான். மாற்றுச் சாவியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இது புதிய நுட்பம் அல்ல. ஐபிஎம் 1960களிலேயே தன் பெரிய மெயின்ஃபிரேம்களில் இதைச் செய்து பார்த்தது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்கே கொடுத்தது. சாதாரண பிசிக்கு இது வந்தது 1999-இல், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மூலமாக. அப்போதைய பிராசசர்களுக்கு இதற்கான வசதி கிடையாது, மென்பொருளே எல்லாவற்றையும் தந்திரமாகச் சமாளித்தது. 2005-இல் இன்டெல்லும் 2006-இல் ஏஎம்டியும் பிராசசருக்குள்ளேயே அந்த வசதியை வைத்தார்கள். கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்குகள் இருக்கும் பயாஸில் "விடி-எக்ஸ்" என்றோ "எஸ்விஎம் மோட்" என்றோ பார்த்திருப்பீர்களே, அதுதான்.

"விஎம்மில் எல்லாமே பாவனைதானே, மெதுவாகத்தானே ஓடும்?" என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கூட்டல், கழித்தல், மெமரியைப் படிப்பது போன்ற அன்றாடக் கட்டளைகளை கெஸ்ட் நேராக நிஜ பிராசசரிலேயே ஓட்டுகிறது. ஹார்டுவேரைத் தொடுவது போன்ற சில விசேஷக் கட்டளைகள் வந்தால் மட்டும் பிராசசர் கெஸ்ட்டை நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டை ஹைப்பர்வைசரிடம் கொடுக்கும். ஹைப்பர்வைசர் பார்த்து ஒரு பதிலைத் தயாரித்துக் கொடுத்த பிறகு கெஸ்ட் தொடரும். இந்த வெளியேற்றத்துக்கு விஎம் எக்ஸிட் என்று பெயர். கணக்குப் போடும் வேலையைப் பொறுத்தவரை, ஒழுங்காக அமைத்த விஎம் நிஜக் கம்ப்யூட்டருக்கு மிக அருகில் வந்துவிடும்.

கிராஃபிக்ஸ் என்ற முதல் சுவர்

அப்படியென்றால் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் போட்டு கேமைத் திறந்தால் ஏன் படம் படமாக நகர்கிறது? கிராஃபிக்ஸ் கார்டு உள்ளே இல்லாததால்தான். விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட்டுக்குக் காட்டுவது பெயரளவிலான ஒரு டிஸ்ப்ளே கார்டு. செட்டிங்கில் வீடியோ மெமரி நகர்த்தியைப் பார்த்தால் 128 எம்பி அளவில் நின்றுவிடும். இன்றைய ஷூட்டர் கேம்கள் கேட்பது பல ஜிபி. 3டி ஆக்சிலரேஷன் என்ற டிக் பாக்ஸ் இருக்கிறது, பழைய கேம்களுக்கும் டெஸ்க்டாப் அழகுக்கும் அது போதும். செகண்டுக்கு 60 ஃபிரேம் (படம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை வரைந்து முடிக்க 16.7 மில்லிசெகண்டுதான் அவகாசம். 144 ஃபிரேமுக்கு 7-க்கும் குறைவு. ஒவ்வொரு வரைபடக் கட்டளையையும் மொழிபெயர்த்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால் இந்த அவகாசத்துக்குள் முடியாது.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசசரின் வசதியைப் பிடித்து வைத்திருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும். அப்போது விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டியில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரியும். அந்த ஆமையைப் பார்த்தால், மெதுவாக ஓடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்தச் சுவரைத் தாண்டும் வழிக்கு ஜிபியு பாஸ்த்ரூ என்று பெயர். பாவனைக் கார்டைக் காட்டாமல், நிஜக் கார்டையே முழுசாக கெஸ்ட் கையில் கொடுத்துவிடுவது. ரேமில் எந்த இடத்தை அந்தக் கார்டு தொடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு என்ற பகுதி பிராசசரில் இருக்கிறது. இன்டெல் அதை விடி-டி என்றும் ஏஎம்டி அதை ஏஎம்டி-வி-ஐ என்றும் சொல்கின்றன. லினக்ஸில் 2012-இல் வந்த 3.6 கர்னலோடு (கர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி), கார்டை இப்படிக் கைமாற்ற உதவும் விஎஃப்ஐஓ என்ற ஏற்பாடு சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தே இதைச் செய்யும் ஆட்கள் பெருகினார்கள்.

செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பார்கள். பிராசசரோடு வரும் சின்னது லினக்ஸுக்கு, தனியாக வாங்கிய பெரியது விண்டோஸ் கெஸ்ட்டுக்கு. மதர்போர்டு எல்லாச் சாதனங்களையும் குழு குழுவாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு குழுவில் இருப்பதை மொத்தமாகத்தான் கெஸ்ட்டுக்குக் கொடுக்க முடியும். கிராஃபிக்ஸ் கார்டும் யுஎஸ்பி கன்ட்ரோலரும் ஒரே குழுவில் மாட்டிக்கொண்டால் தலைவலிதான். மதர்போர்டு வாங்கும் முன்பே இந்தக் குழு விவரத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது, வாங்கிய பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

முன்பு என்விடியாவின் ஜிஃபோர்ஸ் டிரைவர், தான் விஎம்முக்குள் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் "கோட் 43" என்ற பிழையைக் காட்டிப் படுத்துவிடும். ஆட்கள் விஎம் என்பதையே டிரைவரிடமிருந்து மறைத்து ஓட்டினார்கள். 2021-இல் 465 வரிசை டிரைவரோடு என்விடியாவே அந்தத் தடையை நீக்கியது. கெஸ்ட்டின் திரையை ஹோஸ்ட்டின் ஜன்னலுக்குள்ளேயே தாமதமில்லாமல் காட்ட லுக்கிங் கிளாஸ் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. பாஸ்த்ரூ சரியாக அமைந்துவிட்டால் நிஜக் கம்ப்யூட்டருக்கும் விஎம்முக்கும் ஃபிரேம் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஹோஸ்ட் தன் வேலைக்காக ஒரு கோரைப் பிடுங்கிக்கொள்ளும்போது திடீரென்று ஒரு குலுங்கல் வரும். இன்னின்ன கோர் கெஸ்ட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்தால் அதுவும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் நேரம், ஏறுமே என்ற பயமும் வேண்டாம். விஎம்மின் நெட்வொர்க் அடுக்கு சேர்க்கும் தாமதம் ஒரு மில்லிசெகண்டில் சின்னப் பங்குதான், அதைவிட உங்கள் வைஃபை சேர்ப்பது அதிகம்.

ஆக, வேகம் என்ற பிரச்சினை ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சிங்கிள் பிளேயர் கேம்களை இப்படி நிம்மதியாக ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆன்லைன் கேமைத் திறக்கும்போதுதான் அடுத்த சுவர்.

மாற்றுச் சாவி யாரிடம்?

ஆன்லைன் ஷூட்டர்களில் ஏமாற்றுபவர்கள் ஒரு நிரந்தரத் தொல்லை. தானாகக் குறிபார்க்கும் ஏம்பாட், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக் போன்றவை கேமின் மெமரியைப் படித்துத்தான் வேலை செய்கின்றன. எதிராளி எங்கே நிற்கிறார் என்ற விவரம் உங்கள் கம்ப்யூட்டரின் ரேமில் எண்ணாக இருக்கிறது, அதை எடுத்தால் போதும். இதைத் தடுக்க ஆன்டி-சீட் மென்பொருள்கள் கேமோடு சேர்ந்து ஓடுகின்றன. வால்வின் விஏசி, ஜெர்மனியிலிருந்து வரும் பேட்டில்ஐ, எபிக் நிறுவனம் 2018-இல் வாங்கிய ஈஸி ஆன்டி-சீட், வாலரண்டை உருவாக்கிய ரையட்டின் வேன்கார்டு ஆகியவை அதிகம் காதில் விழும் பெயர்கள்.

இவற்றில் பல ஓஎஸ்ஸின் ஆழத்தில், கர்னல் என்ற மட்டத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. அங்கிருந்து பார்த்தால் கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாமே தெரியும். 2020-இல் வாலரண்டோடு வந்த வேன்கார்டு இன்னும் ஒரு படி மேலே போய், விண்டோஸ் எழும்போதே தானும் எழுந்துவிடுகிறது. தனக்கு முன்னால் யாரும் உள்ளே வந்து ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக.

இப்போது இந்தக் காவலாளியை விஎம்முக்குள் வையுங்கள். கெஸ்ட் விண்டோஸின் கர்னலில் அது கண்ணும் கருத்துமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கெஸ்ட்டின் ரேம் முழுவதும் ஹோஸ்ட்டின் ரேமில் ஒரு பகுதி. ஹோஸ்ட்டில் ஓடும் ஒரு சின்ன நிரல் அந்தப் பகுதியைப் படித்து, எதிராளி நிற்கும் இடத்தை எடுத்துவிடலாம். கெஸ்ட்டுக்குள் எந்த ஃபைலும் மாறாது, எந்தப் புது நிரலும் ஓடாது. உள்ளே இருக்கும் காவலாளிக்குத் தெரிய வழியே இல்லை. மாடியில் என்னதான் பூட்டுப் போட்டாலும் வீட்டுக்காரரிடம் மாற்றுச் சாவி இருக்கிறதே, அந்தச் சங்கதிதான்.

கம்பெனிகள் விஎம்மைத் தடுக்க இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. தடை செய்யப்பட்டவர் புது விஎம் ஒன்றை உருவாக்கினால் கம்ப்யூட்டரின் அடையாள எண்கள் எல்லாம் புதிதாகிவிடும், தடை அர்த்தமில்லாமல் போகும். அப்புறம், ஒரே கம்ப்யூட்டரில் பத்து விஎம் போட்டு, பத்துக் கணக்கில் தானியங்கி பாட்களை ஓடவிட்டு, கேமுக்குள் இருக்கும் தங்கத்தைச் சேர்த்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்களின் பொருளாதாரத்தையே இது குலைத்துவிடும்.

சரி, தான் விஎம்முக்குள் இருப்பதை ஒரு நிரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? இதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம்.

பிராசசரிடம் "நீ யார், உன்னால் என்னென்ன முடியும்?" என்று கேட்க சிபியுஐடி என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பதிலில் ஒரு குறிப்பிட்ட பிட் நிஜக் கம்ப்யூட்டரில் 0 ஆக இருக்கும், ஹைப்பர்வைசர் இருந்தால் 1 ஆகும். அதே கட்டளையை வேறொரு எண்ணோடு கேட்டால் ஹைப்பர்வைசர் தன் பெயரையே 12 எழுத்துக்குள் சொல்லிவிடும். விஎம்வேர் தன் பெயரை இரண்டு தடவை சொல்லும், கேவிஎம் மூன்று தடவை. இதில் திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. தான் எதன் மேல் ஓடுகிறோம் என்று தெரிந்தால் கெஸ்ட் ஓஎஸ் அதற்கேற்பத் திறமையாக நடந்துகொள்ளும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள்.

பெயரை மறைத்துவிட்டாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். சிபியுஐடி கட்டளை வந்தாலே, முன்னே சொன்ன விஎம் எக்ஸிட் நடந்தாக வேண்டும். நிஜக் கம்ப்யூட்டரில் பிராசசர் கடிகாரத்தின் நூறு, இருநூறு சுழற்சிகளில் முடிகிற கட்டளை, விஎம்மில் வெளியே போய்த் திரும்பி வருவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும். பிராசசரின் சுழற்சிக் கணக்கை முன்னும் பின்னும் படித்து வித்தியாசத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கும் மேல் சின்னச் சின்னத் தடயங்கள் இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் தரும் நெட்வொர்க் கார்டின் முகவரி 08:00:27 என்று தொடங்கும். கேவிஎம்மில் வழக்கமாக 52:54:00. டிஸ்க்கின் பெயரிலேயே "விபாக்ஸ்" என்றோ "கியூஎமு" என்றோ எழுதியிருக்கும். சிபியு மின்விசிறியும் வெப்ப சென்சாரும் இல்லாத கம்ப்யூட்டர் என்றாலே சந்தேகம்தான். இப்படிப் பலதையும் சேர்த்துப் பார்த்து, ஈஸி ஆன்டி-சீட் "விர்ச்சுவல் மெஷினில் ஓடாது" என்று ஒரு செய்தியைக் காட்டி கேமை மூடிவிடும்.

ஒரு சுவாரசியமான சிக்கல் இதில் உண்டு. ஹைப்பர்வைசர் பிட் 1 ஆக இருந்தாலே தடை என்று ஆன்டி-சீட் முடிவு கட்டிவிட முடியாது. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கினால், விண்டோஸே ஹைப்பர்-வியின் மேல்தான் ஓடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரிலும் பிட் 1 என்றுதான் காட்டும். நேர்மையான லட்சக்கணக்கான ஆட்கள் அப்படித்தான் ஆடுகிறார்கள். அதனால் ஹைப்பர்வைசர் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், அது யாருடையது, இந்த விண்டோஸ் அதில் வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்பதுவரை பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆடுபவரின் பக்கம்

கம்பெனியின் பயம் நியாயமானது. ஆடுபவரின் பயமும் நியாயமானதுதான், அதை யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. ஒரு கேம் ஆடுவதற்காகக் கம்ப்யூட்டரின் அடிமட்டம்வரை அனுமதி கொடுப்பது சாதாரண விஷயமல்ல. கென்ஷின் இம்பேக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் கும்பல் ஒன்று எடுத்து, அதை வைத்தே ஆன்டிவைரஸை முடக்கியது 2022-இல் வெளியே வந்தது. அந்த கேமை நிறுவாத கம்ப்யூட்டர்களில்கூட அந்த டிரைவரைக் கொண்டுபோய் வைத்து இதைச் செய்ய முடிந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையோடு நின்றன. அது கேம் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் கர்னல் மட்டத்தில் ஒரு சின்னப் பிழை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். "இந்த கேமை விஎம்மில் பூட்டி வைத்து ஆடலாமே" என்று யோசிப்பவர் ஏமாற்ற நினைப்பவர் அல்ல, தன் வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்.

ஆனால் ஆன்டி-சீட்டுக்கு இவரையும் ஏமாற்றுபவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. விஎம்மை மறைத்து ஓட்டுவதற்கான வழிமுறைகள் இணையம் முழுக்கக் கிடைக்கும்: பெயரை மாற்று, முகவரியை மாற்று, நேரத்தை ஏமாற்று என்று. போட்டி கேம்களுக்கு அவற்றைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இன்றைக்கு ஓடியது நாளைய அப்டேட்டில் மாட்டும். மாட்டும்போது நீங்கள் செய்திருப்பது ஏமாற்றுபவர் செய்வதற்கு அச்சாக ஒத்திருக்கும், அப்பீலில் எடுபடுவது கடினம். பல வருஷம் ஏற்றிவைத்த ரேங்க், காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விடும். கர்னல் ஆன்டி-சீட் மேல் நம்பிக்கை இல்லையா? அந்த கேமுக்கு மட்டும் தனி டிஸ்க்கில் தனி விண்டோஸ் போட்டு டூயல் பூட் செய்யுங்கள், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எந்த ஓஎஸ் வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். பேங்க் வேலையும் சொந்த ஃபைல்களும் இருக்கும் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்துவிடுங்கள். அதுவும் மனசு ஒப்பவில்லையென்றால் அந்த கேமை விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான்.

எக்ஸ்பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலிருந்தே அடியில் ஒரு ஹைப்பர்வைசர் உண்டு. கேமுக்கு ஒரு விஎம், மெனுவுக்கும் ஆப்களுக்கும் இன்னொன்று. அங்கே யாரும் விஎம்மைக் குற்றம் சொல்வதில்லை, ஏனென்றால் மாற்றுச் சாவி மைக்ரோசாஃப்டிடம் இருக்கிறது, ஆடுபவரிடம் இல்லை. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ்வும் இதே மாதிரிதான். கேம் அவர்கள் டேட்டா சென்டரில் விஎம்மில் ஓடுகிறது, உங்களுக்கு வருவது வீடியோ மட்டும். வீட்டு விஎம்மில் தடைபடும் ஃபோர்ட்நைட் அங்கே ஆன்டி-சீட்டோடு சேர்ந்தே ஓடுகிறது. நுட்பம் ஒன்றுதான், வீட்டுக்காரர்தான் வேறு.

ஃபோன் கேம் ஆடும் எமுலேட்டர்

"நான் விஎம்மே தொட்டதில்லை" என்பவர்களில் பாதிப் பேர் ப்ளூஸ்டாக்ஸ் போட்டிருப்பார்கள். பிசியில் ஆண்ட்ராய்டு கேம் ஆட உதவும் அந்த எமுலேட்டர் உள்ளுக்குள் ஒரு விஎம்தான், அதில் கெஸ்ட்டாக ஆண்ட்ராய்டு இருக்கிறது. அதனால்தான் நிறுவியவுடன் பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்யச் சொல்கிறது.

இங்கே கேம் கம்பெனிகளின் கவலை வேறு. மவுஸும் கீபோர்டும் வைத்துக் குறிபார்ப்பவரை, விரலால் திரையைத் தேய்த்துக் குறிபார்ப்பவரோடு மோதவிடுவது நியாயமில்லை. பப்ஜி மொபைல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. டென்சென்ட்டின் கேம்லூப் என்ற அதிகாரபூர்வ எமுலேட்டரில் வருபவர்களைத் தங்களுக்குள்ளேயே மோதவிட்டது. இந்தியாவுக்கென்று 2021-இல் வந்த பிஜிஎம்ஐ எமுலேட்டரை ஏற்பதில்லை. எமுலேட்டரில் போட்டுக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் பழைய கணக்கைக் கொடுத்துவிடாதீர்கள்.

அப்படியானால் எதற்கு விஎம்?

முதலில், விஎம் தேவையா என்றே பாருங்கள். லினக்ஸில் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-உம் டோட்டா 2-உம் நேராகவே ஓடும். 2018-இல் வால்வ் கொண்டுவந்த புரோட்டான் மூலம் ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் லினக்ஸிலேயே ஓடுகின்றன. 2021-இல் ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் புரோட்டானுக்கு வழி திறந்தன. ஆனால் திறப்பதா வேண்டாமா என்பது அந்தந்த கேம் கம்பெனியின் முடிவு. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் திறந்துவிட்டு 2024-இல் லினக்ஸை மறுபடி அடைத்தது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் அதே வருஷம் வேன்கார்டுக்கு மாறியதோடு லினக்ஸ்காரர்களுக்குக் கைவிட்டுப் போனது. எம்1 வகை மேக்கில் விஎம் போட்டால் கிடைப்பது ஆர்ம் என்ற வேறு வகை பிராசசருக்கான விண்டோஸ். சாதாரண கேமை அது மொழிபெயர்த்து ஓட்டும், ஆனால் இன்டெல் பிராசசருக்கு எழுதிய கர்னல் டிரைவரை மொழிபெயர்க்காது. ஆன்டி-சீட் அங்கேயே நின்றுவிடும்.

விஎம் உண்மையிலேயே ஜொலிப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பழைய லேன் கேம்கள், அதாவது ஒரே வீட்டு நெட்வொர்க்கில் சேர்ந்து ஆடுபவை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கேம்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டுவதைவிட, எக்ஸ்பி கெஸ்ட்டில் ஓட்டுவது பல சமயம் சுலபம். இதில் கவனிக்க வேண்டியது நெட்வொர்க் அமைப்பு ஒன்றைத்தான். விஎம் முதலில் நாட் என்ற முறையில் இருக்கும், அதாவது ஹோஸ்ட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே பேசும். அப்படி இருந்தால் அடுத்த அறையில் இருப்பவரின் கேம் பட்டியலில் உங்கள் பெயர் வராது. பிரிட்ஜ்டு என்று மாற்றினால் ரௌட்டரிடம் நேராகப் போய்த் தனி ஐபி வாங்கிக்கொள்ளும், உடனே தெரிந்துவிடுவீர்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருஷமாயிற்று, ஆடாத நேரத்தில் அதன் நெட்வொர்க்கைக் கழற்றியே வையுங்கள்.

இரண்டாவது, சர்வர். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே சர்வர் வைத்தால், ரௌட்டரில் 25565 என்ற போர்ட்டை (வெளியாட்கள் உள்ளே வரும் எண்ணிட்ட வாசலை) திறந்துவிட வேண்டும். ஆனால் பல இணைய இணைப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே நீங்கள் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் எடுப்பது இதற்கு நேர்வழி. விபிஎஸ் என்பது வேறொன்றுமில்லை, யாரோ ஒருவரின் பெரிய கம்ப்யூட்டரில் உங்களுக்கு ஒதுக்கிய ஒரு லினக்ஸ் விஎம். 4 ஜிபி ரேம் இருந்தால் நான்கைந்து பேருக்குத் தாராளம். கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம், ஏனென்றால் சர்வர் எதையும் வரைவதில்லை, கணக்கு மட்டும்தான் போடுகிறது. எல்லோரும் தமிழ்நாட்டில் இருந்தால் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் டேட்டா சென்டரைத் தேர்ந்தெடுங்கள். தூரம் கூடினால் பிங்கும் கூடும், அமெரிக்காவில் இரண்டு டாலர் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு செகண்டில் 20 தடவை உலகத்தை நகர்த்துகிறது. ஒரு தடவைக்கு 50 மில்லிசெகண்டு. அதற்குள் முடிக்க முடியாமல் மிகவும் பின்தங்கிவிட்டால் சர்வர் திரையில் "கான்ட் கீப் அப்" என்று எச்சரிக்கை வரும். ஆடுபவர்களுக்கு, உடைத்த கல் மறுபடி முளைக்கும், அடித்த ஜோம்பி சாவகாசமாகச் சாகும். செகண்டுக்கு 128 தடவை (128 டிக்) ஓடும் வாலரண்ட் சர்வருக்கு ஒரு தடவைக்குக் கிடைப்பது 7.8 மில்லிசெகண்டுதான், அதோடு ஒப்பிட்டால் மைன்கிராஃப்ட் நிதானமான கேம்.

எச்சரிக்கை வந்தவுடன் ரேமைக் கூட்ட ஓடாதீர்கள். சர்வருக்குள் நுழைந்து "டாப்" கட்டளையைக் கொடுங்கள். மேலே சிபியு வரியின் கடைசியில் "எஸ்டி" என்று ஓர் எண் இருக்கும். ஸ்டீல் டைம் என்பதன் சுருக்கம் அது. உங்கள் விஎம் ஓடத் தயாராக இருந்தும், ஹோஸ்ட் வேறொரு வாடிக்கையாளருக்கு பிராசசரைக் கொடுத்துவிட்ட நேரத்தின் அளவு. நல்ல இடமாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். நண்பர்கள் ஆடும் சாயங்கால நேரமாகப் பார்த்துச் சில நாள் கவனியுங்கள். அந்த எண் ஏறி ஏறி நின்றால், ஹோஸ்ட்டில் அளவுக்கு மீறி ஆட்களை அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். உங்கள் செட்டிங் எதையும் மாற்றிப் பயனில்லை, உலகத்தின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குக் குடிபெயருங்கள்.